டெஸ்ட் என்று சொல்லாதவள்

ஒரே ஒரு வார்த்தை. ‘டெஸ்ட்’ என்று அன்றைக்கு அவள் சொல்லியிருந்தால் போதும். ஒன்பது வருஷமாக இது என் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது. அவள் போன மாசம் போய்ச் சேர்ந்துவிட்டாள். முள் மட்டும் இறங்கவில்லை.

எங்கள் மாடியில் என் வீட்டுக்கு அடுத்த அறையில் தனியாக இருந்தவள். கீழே ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. தெருவே ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடும். சொந்தப் பேர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். நான் சினிமாவுக்கு லைட் பிடிக்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் வீட்டு மனு எல்லாம் அவள் அடித்துக் கொடுத்ததுதான்.

புது இயக்குநர்கள் குறும்படம் எடுக்க மானியம் தருகிறோம் என்று வருஷா வருஷம் கலை வாரியத்திலிருந்து அறிவிப்பு வரும். தாடி வளர்த்த பிள்ளைகளெல்லாம் கதையும் கையுமாக அவள் கடைக்கு ஓடிவரும். அவள் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒவ்வொருத்தனையும் ஒரே கேள்வி கேட்பாள். ஏழாவது விதியைப் படிச்சியா? மானியம் வருவதற்கு முன்னால் படப்பிடிப்பு தொடங்கியிருக்கக் கூடாது. சும்மா எடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பேர் டெஸ்ட். படம் என்று வாய் தவறினால் ஃபாரம் குப்பைக்குப் போகும்.

நாற்பத்துமூன்று வயதில் அவளே ஒரு ஃபாரம் போட்டாள். ‘வளர்ந்துவரும் இயக்குநர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, இன்னும் எவ்வளவு வளரணும்னு கேக்காதீங்க என்று சிரித்தாள். கதை இதுதான்: தனியாக இருக்கிற ஒருத்தி பக்கத்து வீட்டுச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறாள். அங்கே தட்டு வைத்தால் இவளும் தட்டு வைப்பாள். அங்கே சிரித்தால் இவளும் சிரிப்பாள்.

பக்கத்து வீடு எது தாயே என்று கேட்டேன்.

“உங்க வீடுதான் அண்ணே. நீங்க அண்ணியைத் திட்டும்போது, அவங்களுக்குப் பதிலா நான் எத்தனை தடவை இந்தப் பக்கம் பதில் சொல்லியிருக்கேன் தெரியுமா?”

என் பெண்டாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இனிமேல் சுவரைப் பார்த்தே திட்டுங்க, அவளாவது கேட்கட்டும் என்றாள்.

வெறும் காகிதத்தைப் பார்த்து எவன் நம்புவான், ஒரு காட்சி எடுத்துக் காட்டு என்று உசுப்பியது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன். தாடிக்காரன் ஒருத்தன் கேமரா கொண்டுவந்தான். அதில் மைக் வேலை செய்யாது. பரவாயில்லை என்றாள். நடிப்பதும் அவளேதான். வெளியே வராந்தாவில் லைட்டைத் தரையோடு தரையாக வைத்து, கதவடி இடுக்கு வழியாக வெளிச்சத்தை உள்ளே விட்டேன். நான், பெண்டாட்டி, மகள்கள் இரண்டு பேர், நாலு பேரும் லைட்டுக்கு முன்னால் போய்வந்தோம். உள்ளே தரையில் எட்டுக் கால் நிழல் நடந்தது. அவள் உட்கார்ந்தவாக்கில் கையை நீட்டி அந்த நிழல்மேல் வைத்தாளாம். கேமராக்காரன் நிறுத்த மறந்துவிட்டான். பிறகு அதைப் போட்டுக் காட்டினார்கள். எத்தனையோ பெரிய முகங்களுக்கு லைட் போட்ட கை இது. இப்படி ஒன்று அமைந்ததில்லை.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கால் மணியில் வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறின பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் காட்சியை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்களாம். தேர்வுக் குழுத் தலைவியம்மா நல்ல மனுஷி. இது டெஸ்ட்தானேம்மா என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவள், இல்லைங்க, படம்தான் என்றிருக்கிறாள். ஏழாவது விதி. முடிந்தது.

பஸ் என்றும் பார்க்காமல் கத்தினேன். ஊருக்கெல்லாம் விதி சொன்னவளுக்குத் தன் வாயைக் கட்டத் தெரியவில்லையா என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க நாலு பேரும் நடந்ததைப் போயி டெஸ்ட்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணே.”

அப்புறம் அவள் ஃபாரம் போடவில்லை. மற்றவர்களுக்கு அடித்துக் கொடுத்தாள். ஏழாவது விதியையும் விடாமல் சொன்னாள். என் மகள்கள் கல்யாணமாகிப் போனார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டியும் என்னை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் ரேடியோகூட வைப்பதில்லை. புழங்குகிற பாத்திரமும் ஒன்றுதான், அதையும் ஓசைப்படாமல் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கேட்க ஒன்றுமில்லாமல் இருக்கிறாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று கூப்பிட்டாள். பை கட்டிலில் தயாராக இருந்தது. ஆள் பாதியாகிவிட்டாள். போனை எடுத்து அந்தக் காட்சியைக் காட்டினாள். இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறாள். எட்டுக் கால் நடக்கிறது, சத்தமே இல்லாமல். இதுக்குச் சத்தம் மட்டும் பாக்கி என்றாள்.

“உங்க வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டு, தட்டு நாலு எடுத்து வைங்க. அப்புறம் பழையபடி அண்ணியைக் கொஞ்சம் திட்டுங்க. நான் சுவத்துல போனை வச்சுப் பிடிச்சுக்கிறேன்.”

அங்க யாரு இருக்கா திட்டுறதுக்கு என்றேன்.

“நான் பதில் சொல்றேன். நீங்க போங்க அண்ணே.”