சாப்பாட்டுக்காகச் சொன்ன வரிக்கணக்கு

பொய் சொன்னேன். மதியச் சாப்பாடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மகளிடம் போகவேண்டிய ஒரு தாயையும் தகப்பனையும் போகவிடாமல் செய்தேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

அறுபதுகளின் கடைசி. தருமபுரியில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் எழுத்தராக இருந்தேன். மணமாகாதவன். ஓய்வுபெற்ற ஆசிரியர் சின்னசாமியின் வீட்டில்தான் தினமும் சாப்பாடு. அவர் மனைவி கிளறும் கேழ்வரகுக் களிக்கும் கொள்ளுக் குழம்புக்கும் நான் அடிமை... காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

அவர்களுடைய ஒரே மகள் பினாங்கில் இருந்தாள். "பிரசவத்துக்கு முன்பே வந்துவிடுங்கள், எங்களோடேயே இருந்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

"தம்பி, நாங்க அங்க போயிட்டா பென்ஷன் வருங்களா? வரி கிரி புடிப்பாங்களா?" என்று கேட்டார் ஆசிரியர்.

எனக்கு உண்மை தெரியும். இங்கே ஒருவருக்குப் பணம் வாங்கும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, உயிரோடிருப்பதற்கான சான்றிதழை அனுப்பிக்கொண்டிருந்தால் பணம் நிற்காது. அந்தச் சொற்பத் தொகைக்கு வரியும் கிடையாது.

ஆனால் என்ன சொன்னேன் தெரியுமா?

"இங்க பாதி வரியில போயிரும்ங்க. மீதியில அங்க ஒரு பங்கு புடிப்பாங்க. அந்த ஊரு விலைவாசிக்கு அரிசி வாங்கவே பத்தாதுங்க. எல்லாத்துக்கும் மருமவன் கையத்தான் பாக்கணும்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே சேர்த்தேன். மானஸ்தர்... அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வரமுடியாது என்று மகளுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டவனும் நானே!

ஏன் செய்தேன்? தனிமை என்று சொல்லலாமா? அவர்கள்மேல் வைத்த பாசம் என்று சொல்லலாமா? பல வருடம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை... வயிறு. அவ்வளவுதான்!

பேரன் பிறந்தான். புகைப்படம் வந்தது. அந்த அம்மாள் அதைச் சமையலறைச் சுவரில் மாட்டிவைத்து, வேலை செய்தபடியே அவனோடு பேசிக்கொண்டிருப்பார். நான் அதைக் கேட்டபடியே சாப்பிடுவேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பையன் நடக்கத் தொடங்கினான், பள்ளிக்கூடமும் போனான்... நான் திறக்கவில்லை.

எழுபத்தைந்தாம் வருடம் அந்த அம்மாள் இறந்துபோனார், பேரனை ஒருமுறைகூடத் தூக்காமலே. ஆசிரியர் கடைசிவரை என்னை நல்லவன் என்றே நம்பினார்.

அந்த அம்மாளும் அப்படித்தான். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட எனக்குப் பரிமாறியபடி சொன்னார்: "அன்னிக்கு நீங்க மட்டும் சொல்லலைன்னா, அங்க போயி மருமவன் வூட்டுல கையேந்தி நின்னிருப்போம் தம்பி. நீங்க நல்லாயிருக்கணும்."

தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.