குப்பைக்குப் போன முப்பத்தொரு இடங்கள்

மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த செப்டெம்பரில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் எனக்குப் பிடிபடாத ஓர் ஆங்கிலம் ஓடத் தொடங்கியது. நான் ஆங்கிலம் தெரியாதவள் அல்ல. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவள், சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். அவள் பேசிய சொற்கள் தனித்தனியே விளங்கின. சேர்த்துக் கேட்டால் ஒன்றும் விளங்கவில்லை. டொட்டைத் தவறவிட்டாளாம். பன்னிரண்டாம் செற்றில் காலைப் பிழையாக வைத்தாளாம். செக்‌ஷன் லீடர் சத்தம் போட்டானாம்.

பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெற் வாசிக்கிறாள் என்பது தெரியும். சேர்வதற்கான தாளில் கையெழுத்து வைத்ததே நான்தான். எங்கள் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுப் போட்டிக்கு பாண்ட் இருந்தது. அடித்தபடி, ஊதியபடி நேராக நடப்பார்கள், அவ்வளவுதான். நேராக நடப்பதற்கு வாரத்தில் நான்கு நாள், ஆறு மணிவரை என்ன பழக்கம்? அந்த லீடர் யார்? என் பிள்ளை எங்கே நிற்க வேண்டுமென்று சொல்ல அவன் யார்?

கணவரிடம் கேட்டேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீர் எல்லாத்தையும் துருவித் துருவிப் பார்க்கிறீர். பிள்ளை குழல்தானே ஊதுது."

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பத்தொன்பதில் அவளைப் பெற்றவள். லிஃப்டில் எங்களைப் பார்க்கிறவர்கள் அக்காவும் தங்கையுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பயத்தைத்தான் தரும். அக்காவிடம் மறைப்பதைப் போல என்னிடமும் மறைப்பாளோ என்று.

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, இரவு வேலைக்குப் போகுமுன் அவளுடைய உடுப்புகளைத் துவைக்க எடுத்தபோது ஜக்கெற் பையில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. கழுத்தில் மாட்டும் நீளத்துக்கு அதில் கயிறு கட்டியிருந்தது. திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள், புள்ளிகள், அம்புக்குறிகள். அவளுடைய கையெழுத்தில் 'நாற்பத்தைந்தாம் கோட்டுக்கு வெளியே நாலு அடி, முன்னால் எட்டு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இடையிடையே சிவப்பு மையில் பெருக்கல் குறி.

ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கிணறு வெட்டுவதற்காகத் தன் வளவின் படத்தை வரைந்து வைத்திருந்தார். இராணுவத்தின் சுற்றிவளைப்பில் அந்தத் தாள் அகப்பட்டது, அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்கையில் எந்த வீட்டிலும் கோடும் எண்ணும் உள்ள தாள் இருக்கவில்லை. கண்டவுடன் கிழிப்போம், எரிப்போம். யாருடையது, எதற்கு என்று கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. கொப்பியை நீளநீளமாகக் கிழித்தேன். நடையின் கோடியிலிருந்த குப்பைக் குழாயைத் திறந்து பதினான்கு மாடி கீழே போட்டேன். கதவு மூடிய சத்தத்துக்குப் பிறகுதான் நான் நிற்பது ரொறன்ரோவில் என்பது நினைவுக்கு வந்தது.

மகள் குளித்துவிட்டு வந்து ஜக்கெற்றைத் தடவினாள். "அம்மா, என்ர டொட் புக் எங்க?"

"எனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பொய் வராது. சொன்னேன்.

"எறிஞ்சிட்டீங்களோ? ஓ மை கோட், அம்மா! It's my whole show!"

"உதில என்ன படமெல்லாம் கீறி வச்சிருந்தனி? ஆர் கீறச் சொன்னது?"

"படம் இல்லை. நான் நிக்கிற இடம்!"

அழுகைக்கு நடுவே சொன்னாள். பாண்ட் நேராக மட்டும் நடப்பதில்லை. மைதானத்தில் முப்பத்தொரு உருவம் அமைக்கும். ஒவ்வொரு உருவமும் ஒரு செற். ஒவ்வொரு செற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், அதுதான் டொட். கிளாரினெற்காரருக்குத் தலைவனான மூத்த மாணவன்தான் செக்‌ஷன் லீடர். வெள்ளிக்கிழமை கொப்பி பார்ப்பார்கள். கொப்பி இல்லாதவருடைய இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவளைக் கேட்காமலே தொலைபேசிக்கு அருகிலிருந்த லீடரின் எண்ணுக்கு அழைத்தேன். தவறு என்னுடையது, பிள்ளையுடையது அல்ல என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முழுப் படமும் பாண்ட் அறையில் இருக்கிறது, காலை ஏழரைக்கு வந்தால் பார்த்து எழுதலாம் என்றான். மிகவும் மரியாதையான பையன். அந்த மரியாதையே எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் நானும் போனேன். மகள் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். மேசையில் பெரிய படங்களை விரித்து, நான் வாசிக்க அவள் எழுதினாள். கிளாரினெற் வரிசையில் ஏழாவதான சீ ஏழு என்பதுதான் என் மகள். எட்டுக்கு ஐந்து என்றால் ஐந்து யார்ட் தூரத்தை எட்டுக் காலடியில் நடப்பது. மார்க் ரைம் என்றால் நின்ற இடத்திலேயே தாளத்துக்குக் கால் மாற்றுவது. கேட்கக் கேட்கச் சொன்னாள், சுருக்கமாக, என்னைப் பாராமல்.

ஒன்பதாம் படத்தில் நிறுத்தினேன். "இந்த சீ ஆறு ஆர்? எப்பவும் உனக்குப் பக்கத்தில நிக்குது."

"செக்‌ஷன் லீடர்."

"ஏன் அவன் எப்பவும் உனக்குப் பக்கத்தில?"

"ஏனெண்டா ஆறுக்குப் பிறகு ஏழு வரும், அம்மா!"

அறையின் மறுகோடியில் யாரோ சிரித்தார்கள். நான் குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தேன். பத்தொன்பதாம் படத்தில் சீ ஆறு மைதானத்தின் மறுபக்கம் போனது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இருபத்து மூன்றில் திரும்பவும் பக்கத்தில் வந்து நின்றது.

முதல் மணி அடிக்குமுன் முப்பத்தொன்றும் எழுதி முடிந்தது. மகளுடைய இடம் போகவில்லை.

கொப்பிதான் பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஒருநாள் பார்க்கக் கேட்டேன்.

"பள்ளிக்கூட லொக்கருக்க இருக்கு. உங்களுக்கு என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ, சொல்லுறன். புக் வராது."

"நான் இனிக் கிழிக்கமாட்டன்."

"ஓம், தெரியும்," என்றாள். ஆனாலும் கொண்டுவரவில்லை. அவளுடைய வேறு தாள்களும் மெல்ல மெல்ல வராமல் போயின. கையெழுத்து வேண்டிய தாள்கள் மட்டும் மேசைக்கு வந்தன. அவள் அருகில் நிற்க நான் கையெழுத்து வைப்பேன். உடனே எடுத்துக்கொண்டு போவாள்.

அதனால் கேட்கப் பழகினேன். சமைக்கும்போது கேட்பேன். "இருபத்து மூண்டில எங்க நிக்கிறாய்?"

"ஐம்பதுக்கு உள்ள ரெண்டு அடி."

"அவன்?"

"பக்கத்தில," என்பாள், பீன்ஸை நறுக்கிக்கொண்டே.

அவள் சொல்வது சரியா என்று ஒத்துப் பார்க்க என் கையில் ஒரு தாளும் இல்லை. அவள் சொன்னதை வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பேன்.