கூரைக்கு ஞானத்தகப்பன்

"நிறுத்துங்க டீச்சர். அந்த இடத்தத் திரும்பப் போடுங்க," என்றார் தெமெத்ரியோ.

இலாரியா டீச்சர் குனிந்து படத்தைப் பின்னால் ஓட்டினாள். வகுப்பறை ஜன்னல்களைக் கம்பளிகளால் மூடியிருந்தோம். கூரைக்குப் பதிலாகக் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாளை மூட வழியில்லை. பகல் வெளிச்சம் அதன் வழியாக இறங்கி டிவியில் எல்லோர் முகத்தையும் நீலமாக்கியது.

படத்தில், குடித்துவிட்டு வந்த தகப்பன் மகளின் புத்தகங்களை அடுப்பில் போட்டான். படத்து டீச்சர் அவற்றை வெறுங்கையால் நெருப்பிலிருந்து எடுத்தாள். லா பாஸ் நகரத்தில் இந்தக் காட்சிக்கு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

"அது என் வீட்டு அடுப்பு. அவன் தலையில இருக்கறது என் தொப்பி. நான்தான் இரவல் குடுத்தேன்," என்றார் தெமெத்ரியோ.

"தொப்பி குடுத்தீங்க சரி. குடிக்கவும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா மச்சான்?" என்றாள் பின்னாலிருந்த ஃபெலிசா. சிரிப்பு எழுந்தது. தெமெத்ரியோ சிரிக்கவில்லை.

"அது கதைண்ணே. உங்களச் சொல்லல," என்றாள் இலாரியா.

"பின்ன யாரச் சொல்றான்? ஊர்ல அந்த மாதிரி அடுப்பு வேற யார் வீட்ல இருக்கு?"

இலாரியா பொத்தோசிச் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவள். எங்கள் மேட்டு ஊருக்கு வேலைக்கு வந்தபோது அவளிடம் ஒரு மெத்தை மட்டும் இருந்தது. முன்பு வந்தவர்கள் குளிர்காலம் வந்ததும் ஓடிவிட்டார்கள். இவள் ஓடவில்லை. கோபக்காரி. பிள்ளைகளோடு பந்தாடும்போது கோல் கீப்பராக நிற்பாள். தோற்றால் அடுத்த நாள் கணக்குப் பாடம் கடினமாக இருக்கும். படத்து டீச்சருக்குக் கோபமே வருவதில்லை. கிதார் வாசிக்கிறாள்.

இலாரியாவின் கதையைப் படமாக்கப் படக்காரர்கள் வந்தபோது ஊர்க் கூட்டத்தில் இலாரியாதான் எழுந்து சொன்னாள், இயக்குநரைப் பள்ளிக் கூரைக்கு ஞானத்தகப்பனாக வைப்போம் என்று. கல்யாண கேக்குக்கும் கால்பந்துக்கும்கூட ஞானத்தகப்பன் வைக்கிற ஊர் இது. ஒப்புக்கொண்டவர் அந்தப் பொருளைக் கொண்டுவந்து தருவார். இயக்குநர் ஒப்புக்கொண்டார். சோளக்கள் குடித்தார். தலையில் வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கொட்டினோம். ஆடினார், அழுதார். அதன் பிறகு படத்தில் நடித்ததற்கு நாங்கள் அவரிடம் கூலி வாங்கவில்லை. ஞானத்தகப்பனிடம் யார் கூலி வாங்குவார்கள்?

கடைசிக் காட்சிக்காகப் பள்ளிக்குப் புதுத் தகரம் போட்டார்கள். வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று மந்தையிலிருந்து ஒரு லாமாவை அறுத்து விருந்து வைத்தோம். படப்பிடிப்பு முடிந்ததும் தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வாடகைத் தகரமாம்.

"இதவிட நல்லதா கொண்டுவருவாரு," என்று அன்றைக்கு இலாரியா சொன்னாள். இரண்டு மழைக்காலம் போயிற்று. போன வாரம்தான் போனில் அவர் அகப்பட்டார். ஞானத்தகப்பன் என்பதை வெறும் கௌரவப் பட்டம் என்று நினைத்தாராம்.

படம் முடியும் இடம் வந்தது. தகரம் பளபளத்தது. படத்து டீச்சர் தனியாக மேலே ஏறி ஆணி அடித்தாள். கீழே நாங்கள் நின்று வெட்கத்தோடு அழுதோம். உண்மையில் அன்றைக்கு வெயிலில் கண் கூசியதால் அப்படி நின்றோம்.

ஊர்த்தலைவர் அஸ்தேரியோ எழுந்தார். "டீச்சர், அந்த இயக்குநர ஞானத்தகப்பனா வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அவன் செய்யாததுக்கு யாரு பதில் சொல்றது?"

தெமெத்ரியோ ஜன்னல் கம்பளியை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தி அவங்கிட்ட என்ன சொன்னீங்க டீச்சர்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பள்ளத்தாக்குலேர்ந்து உத்தரக்கட்டையெல்லாம் தோள்லயே சுமந்து வந்தீங்கன்னு சொன்னேன்."

"படத்துல அது எங்க?"

"இல்லண்ணே."

"இந்த வருஷத்தோட போதும் டீச்சர்," என்றார் அஸ்தேரியோ. "வேற ஊர் பாத்துக்குங்க." யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று இலாரியா எங்களைப் பார்த்தாள். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. இலாரியா காலை லாரியில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய் இடமாற்றம் கேட்டாள். அதிகாரி படத்தைப் பார்த்திருந்தார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு அவளைக் காட்டினார். அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உங்களைப் போன்றவரை அந்த ஜனங்களிடமிருந்து எப்படிப் பிரிப்பது என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அவள் மாலை லாரியில் திரும்பி வந்தாள். அவள் ஊரில் இல்லை என்பது தெரியாமலே அன்று பிள்ளைகளை யாரும் பள்ளிக்கு அனுப்பியிருக்கவில்லை.