சிவலட்சுமி வாங்கிய ஸ்கேனர்

என் வீட்டுக்காரர் நடராசாவுக்கு எந்தச் சாமான் பழுதானாலும் ஒரே மருந்துதான். வித்துத் துலை. தன் தங்கச்சி சிவலட்சுமி ஓட்டுகிற வானுக்கும் அதைத்தான் சொன்னார். வாங்குவதற்கு ஆளும் அவரே பார்த்து வைத்திருந்தார். "பொம்பிளை ஒருத்திக்கு வான் என்னத்துக்கு?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டு அவர் கேட்டபோது, கறிச்சட்டியை அந்தத் தலையில் கவிழ்த்தால் என்ன என்று எனக்கு வந்தது.

சிவலட்சுமி என் மச்சாள். கடைசிச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்து, முகாமில் கிடந்து, மகள் கீர்த்திகாவோடு கட்டுக்கரைக் குளத்தடிக்குத் திரும்பி வந்தவள். வீட்டுக்குத் தகரம் போட்ட கையோடு லைசன்ஸ் எடுக்கப் போனாள். பிறகு யப்பானிலிருந்து வந்த பழைய டீசல் வான் ஒன்றை லீசிங்கில் எடுத்து, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை முருங்கனுக்குப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா, பேசியது. அவள் ஹோர்னை அடித்துக்கொண்டு போனாள். பின்னேரங்களில் மட்டும் வான் திறப்பை அண்ணனிடம் கொடுப்பாள். அவர் பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோய் டீசல் அடித்து வந்து நிறுத்துவார். வேலை வெட்டி இல்லாத மனிசனுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று அவளாகக் கொடுத்த வேலை அது.

அந்த மாரிக்கு முன், ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. அது எரிந்தால் வான் இழுக்காது. குளக்கட்டு ஏற்றத்தில் முக்கி முனகி நின்றுவிடும். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு இறங்கித் தள்ளுவார்கள். கராஜ்காரர்கள் ஆளுக்கொன்றைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒருவன் வயரைச் சுரண்டினான். ஒருவன் சென்சரை மாற்றினான். இன்னொருவன் பற்றறி வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டி, விளக்கு அணைந்ததும் "சரி அக்கா, இனிப் பயமில்லை" என்றான். மறுநாளே திரும்ப எரிந்தது. அடுத்த பள்ளித் தவணைக்குப் பிள்ளையை வேறு வானில் விடப்போவதாக ஒரு தாய் வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூட ஓட்டம் போனால் லீசிங்காரன் வானைத் தூக்கிவிடுவான். தாயும் மகளும் பிறகு எதைத் தின்பது?

"இனி ஒருத்தனும் எனக்கு ஊகத்தில வைத்தியம் பாக்கக் கூடாது," என்றாள் சிவலட்சுமி. "பெரிய கராஜுகளில பிழைக் கோட் பாக்கிற அந்த ஸ்கேனர் மெசினை நானே வாங்கப் போறன்."

"ஓம் ஓம், வாங்கு. வான் டொக்டர் எண்டு போர்ட்டும் எழுதிக் கொழுவு," என்றார் எங்கட ஆள். நான் அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

மன்னார் பஸாரில் அஸ்மியின் கடைக்கு நானும் கூடப் போனேன். அஸ்மி எருக்கலம்பிட்டிக் குடும்பத்துப் பொடியன். பெற்றோர் புத்தளத்தில் அகதியாக இருந்தபோது அங்கே பிறந்து வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு வந்து வாகனச் சாமான் கடை போட்டவன். நெருப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தான்.

"போனோட சேத்துப் பார்க்கிறது அக்கா. எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

"தம்பி, ஒரு பல்ப் வாங்கினாலே கொழுவி எரிய வைச்சுக் காட்டித்தானே தருவியள்? இதை மட்டும் பெட்டியோட வாங்கிக்கொண்டு போறதே? வான் வெளியில நிக்குது, வாங்கோ."

அவன் அதை எடுத்துக்கொண்டு வானுக்கு வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "யப்பான் வானுக்கு இது ஒத்துவராது போல," என்றான்.

"போல இல்லை, வராது. அடுத்ததைக் கொண்டு வாங்கோ."

இரண்டாவது, வயர் வைத்த கைமெசின். டீசல் அழுத்தம் குறைவு என்று ஒரு கோட் காட்டியது. அஸ்மி ஒரு பட்டனை அமத்தி அதை அழித்தான். விளக்கு அணைந்தது. சிவலட்சுமி காசை எடுக்கவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலான மன்னார்ப் பாலத்தில் ஓட்டினாள். பாதிப் பாலத்தில் விளக்கு திரும்ப எரிந்தது. எனக்கு வந்த விசருக்கு அந்த மெசினைக் கடலில் எறிந்திருப்பேன்.

"அழிக்கக் கராஜ்காரனுக்கும் தெரியும்," என்றாள் அவள். "வான் ஓடேக்க உள்ளுக்க என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியவேணும்."

கடைக்குத் திரும்பி வந்து எடுத்த மூன்றாவது கொஞ்சம் பெரியது. அதையும் செருகிக்கொண்டு ஓடினோம். ஓட ஓட அளவுகளைக் கோடாகக் காட்டியது. அவள் அக்ஸிலேட்டரை அமத்த, என்ஜின் கேட்கிற அழுத்தக் கோடு ஏறியது. கிடைக்கிற கோடு கீழேயே கிடந்தது.

"இந்த டீசல் பம்ப் கேக்கிற அளவுக்குக் குடுக்குதில்ல அக்கா," என்றான் அஸ்மி. "என்ன எண்ணெய் அடிக்கிறீங்க?"

"டீசல்தான்."

சொல்லிவிட்டு அவளே வானை ஓரம் கட்டினாள். இறங்கி, டாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். "மச்சாள், இஞ்ச வாங்கோ," என்றாள். போய் மணந்தேன். குப்பி விளக்கில் குடும்பம் நடத்தினவளுக்கு மெசின் எதற்கு? மண்ணெண்ணெய்.

வயல் பம்புக்கு வாங்கி வைக்கிற மண்ணெண்ணெய் ஏன் இப்படிக் குறைகிறது என்று நான் கடைக்காரனோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவனுடைய அளவுதான் பிழை என்று நினைத்தேன். பின்னேரம் டீசல் அடிக்க வானைக் கொண்டுபோகிறவர் யார் என்று இப்போதுதான் உறைத்தது. சண்டையில் பாதை பூட்டிக்கிடந்த காலத்தில் எங்கள் பக்கம் டீசல் வராது. என் மனிசன் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெயைக் கலந்து உழவு மெசின் ஓட்டினவர். ஊரே ஓட்டியது. அன்றைக்கு அது கெட்டித்தனம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பம்புக்கு டீசலில் உள்ள வழுக்கல்தான் உயிர் என்றான் அஸ்மி. மண்ணெண்ணெய் உள்ளே போனால் பம்ப் தன்னைத் தானே அராவிக்கொள்ளுமாம். பின்னேரம் பின்னேரம் நஞ்சை ஊற்றிவிட்டு, மத்தியானம் மத்தியானம் வித்துத் துலை என்று சொல்ல எப்படி ஐயா வாய் வந்தது?

அவள் மூன்றாவதை வாங்கினாள். வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு முன்னால் அந்தக் கோடுகளைக் காட்டினாள். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"உனக்கு மிச்சம் பிடிக்கத்தான் கலந்தனான். அந்தக் காலத்தில ஊர் முழுக்க இதிலதானே ஓடினது? செத்தா போனம்?"

"அப்ப டீசல் இல்லை, ஓடினம். இப்ப செட்டுக்குச் செட் டீசல் கிடக்கு. இன்னும் என்னத்துக்கு அண்ணா ஒளிச்சு ஊத்திறியள்?"

"பொம்பிளையளுக்கு என்ஜின் தெரியுமே?"

"உங்களுக்குத் தெரிஞ்சபடியாத்தானே பம்ப் போச்சு!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வேலியால் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டாங்கியைக் கழுவி, பம்பைக் கழற்றித் திருத்தி முடியும் வரை, சிவலட்சுமி பிள்ளைகளை பஸ்ஸில் தானே கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். வாசலில் வந்து சொன்ன தாய் சொன்னபடியே பிள்ளையை வேறு வானுக்கு மாற்றினாள். மற்றவர்கள் நின்றார்கள்.

வான் திரும்பி வந்த முதல் நாள் காலை. பிள்ளைகள் ஏறியாயிற்று. எங்கட ஆள் குளித்து, திருநீறு பூசி, சாரதிக் கதிரையில் ஏறி இருந்துகொண்டு கையை நீட்டினார். "திறப்பைத் தா. ஒருக்கா ஓட்டிப் பாப்பம்."

"இறங்குங்கோ அண்ணா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "என்ர வான் அண்ணா இது. இறங்குங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்காக ஏதாவது சொல்லவேண்டுமாம். சொன்னேன். "கேக்கேல்லையே? பிள்ளையளுக்குப் பிந்துது, இறங்குங்கோ."

இறங்கினார். வான் குளக்கட்டில் ஏறி, நிற்காமல் அந்தப் பக்கம் மறைந்தது. புழுதி அடங்கும் வரை அவர் நடு முற்றத்தில் நின்றார்.

"கண்டியே அவளின்ர திமிரை?"

"கண்டன்," என்றேன். "உங்களைக் கட்டின அண்டைக்கே எனக்கும் அந்தத் திமிர் வந்திருக்கவேணும்."