படம் வந்துவிட்டது என்றொரு பொய்

சிட்லபாக்கம் வீட்டில் ஆன்டெனா இருந்தவரை, என் கணவர் மொட்டை மாடியில் நின்று அதைத் திருப்புவார். நான் டிவி முன் நின்று, "கொஞ்சம் லெஃப்ட்ல... ஐயோ, போச்சுங்க!" என்று கத்துவேன். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி அந்தக் கூச்சல்தான்.

பிறகு டிஷ்ஷும் டிஜிட்டல் பெட்டியும் வந்தன. படம் கண்ணாடி போலத் தெளிந்தது, கூச்சல் ஓய்ந்தது.

ஓர் ஐப்பசி மாலை, கொட்டும் மழையில் படம் கட்டம் கட்டமாக உறைந்து மறைந்தது. மழை விட்டால் தானே வரும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பழைய பழக்கத்தில் அவர் மாடிக்கு ஓடினார்.

"வந்துதா?"

"வரலீங்க!"

"இப்போ?"

வானம் கிழிந்தது போல மின்னியது. திரை வெறுமையாகத்தான் இருந்தது. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "வந்துடுச்சு! சூப்பரா தெரியுது, இறங்கி வாங்க!"

சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர், "எங்கடி வந்துது?" என்று முறைத்தார். அந்த நொடியில் இடி விழுந்தது. மாடியை ஒட்டிய தென்னையின் உச்சி புகைந்தது.

இப்போதெல்லாம் இடி கேட்டாலே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூடத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறோம். "படம் வந்துதா?" என்று சீண்டுவார். "சூப்பரா வந்துடுச்சு" என்பேன், அவர் முகத்தைப் பார்த்தபடி.