‘பார்த்தேன்’ பொத்தானைத் தூக்கிய தணிகைவேல் சார்

செவ்வாய்க்கிழமை காலை அடி அண்ணாமலையில் ஒரு கடையில் நின்று பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விதைக் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வி அக்கா போன் செய்தார்.

"தினேசு, தணிகைவேல் சாருக்கு நெஞ்சு வலி வந்துச்சாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சுடா."

"சும்மா சொல்லாதக்கா. நேத்து சாயங்காலம்கூட என்னத் திட்டினாரு" என்றேன். அக்கா அழுதார். பொங்கலை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: தணிகைவேல் சார் மென்பொருள் ஆலோசகர். வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். சென்னையில் பல வருடம் இருந்துவிட்டு, வேங்கிக்காலில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தார். ஒரு கம்பெனியின் ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் பேசி, ஃபைல் பகிர்ந்து, வேலையைப் பிரித்துக்கொள்ளும் தளங்களைக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். மாதம் ஒரு ஞாயிறு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இலவசமாகத் தொழில் நுணுக்கம் சொல்வார்.

அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். மூன்றாம் வருடத்தோடு இன்ஜினியரிங்கை விட்டிருந்தேன். போண்டா தருகிறார்கள் என்று போனேன்.

"ஆபீசுக்குத் தளம் கட்டணும்னா மொதல்ல கம்ப்யூட்டரத் தொடாதீங்க. மூணு நாள் ஓரமா உக்காந்து, யாரு எதுக்கு எழுந்து யாருகிட்ட போறாங்கன்னு பாருங்க. அந்த நடையத்தான் நாம கம்மி பண்ணணும்" என்றார்.

நான் எழுந்தேன். "சார், அந்த நடையிலதான் அவங்க டீ குடிக்கிறாங்க. அதையும் புடுங்கினா சாபம் வுடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "யோவ், நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"டிகிரி முடிக்கல சார்."

"ஆளத்தானேய்யா கேட்டேன், காயிதத்தயா கேட்டேன்?"

அவர் கட்டுவதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அவரிடமே குறை நிறைய. எதற்கும் "அஞ்சே நிமிஷம்" என்பார். இரண்டு மணி நேரம் ஆகும். என் சார்ஜரைத் திருப்பித் தந்ததே இல்லை. அடுத்தவர் டிபன் பாக்ஸை உரிமையோடு திறப்பார்.

பிறகு அந்த விதைக் கம்பெனி வேலை வந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை விதைதான் அவர்களுக்குப் பெரிய வியாபாரம், ஆறு கிளைகள். முதலில் சோதனை, பிடித்திருந்தால் முதலாளி மூன்று வருட ஒப்பந்தம் போடுவார். இல்லையென்றால் சாரின் ஆபீசில் இருந்த நாங்கள் நாலு பேரும் வேறு வேலை தேட வேண்டும். தளத்தில் வரும் ஒவ்வொரு அறிவிப்புக்குக் கீழேயும் ‘பார்த்தேன்’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தோம். பத்து மணிக்குள் எல்லாரும் அமுக்கியே ஆக வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். ஒரே வாரத்தில் நூற்றுக்கு நூறு. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றார்.

புதன்கிழமை கீழ்பென்னாத்தூர் கிளைக்குப் போனோம். மேசைமேல் பதினோரு போன்களை அப்பளம் காயவைத்த மாதிரி பரப்பி, செல்வி அக்கா ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"எல்லாருக்கும் சேத்து நானே பாத்துடறேன் தம்பி. அவங்க லோடு ஏத்தணும்ல? அமுக்கலன்னா மொதலாளி போன் போட்டுக் கத்துறாரு."

சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "படிக்கிறீங்களா, சும்மா அமுக்குறீங்களா?"

"படிச்சிட்டுத்தான் சார். முப்பது வந்தா நாலுதான் வேலைக்கு ஆவும். மீதியெல்லாம் காலை வணக்கம், கும்பிடு படம். மொதலாளிதான் ஜாஸ்தி போடறாரு."

திரும்பும் பஸ்ஸில் நான்தான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆவட்டும் சார். அப்புறம் சொல்லிக்கலாம்."

"ஒருத்தங்க படிக்கிறத, எல்லாரும் படிக்கிறாங்கன்னு நம்பிட்டு இருக்காருய்யா மனுஷன். நாளைக்குத் தப்பான மல்லாட்ட வெதை போயிடுச்சுன்னா? வெதைக்கிறவன் எங்க ஊருக்காரன்."

வெள்ளிக்கிழமை முதலாளி பேனாவைத் திறந்தபோது சார் சொல்லிவிட்டார். அக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை.

"நூத்துக்கு நூறுனு காட்டுனீங்களே!" என்றார் முதலாளி.

"பொத்தான் வச்சது என் தப்புங்க. கும்பிடு படம் போட்டு எல்லாத்தையும் மூடுனது உங்க தப்பு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேனாவும் மூடியது. "எழுந்து போங்கய்யா" என்றார் முதலாளி.

அடுத்த இரண்டு மாதம் சில்லறை வேலைகள்தான். தினமும் அவரோடு சண்டை போட்டேன். அவர் என் டிபனைச் சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டார்.

விதைப்பு தொடங்கியதும் முதலாளியே எங்கள் மாடி ஏறி வந்தார். சோதனைக்குக் கொடுத்த தளத்தை அவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்; முளைக்காத விதை மூட்டைகளை விற்காதீர்கள் என்று அதில் போட்டிருக்கிறார். ஆறு கிளையிலும் ‘பார்த்தேன்’ விழுந்திருக்கிறது. ஆனால் மூட்டையை நிறுத்தியது கீழ்பென்னாத்தூர் மட்டும். மற்ற ஊர்களில் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கியிருக்கிறார்.

"அந்தப் பொத்தானத் தூக்கிடுங்க. படிக்கிறது யாருன்னும் சொல்லுங்க."

"அவங்க வேலைக்கு வேட்டு வைக்க மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்."

பொத்தான் போனது. எந்த அறிவிப்பு யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு செல்வி அக்காவுக்கு வந்தது. அறிவிப்பு கிடைத்தவர், தான் அதற்கு என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒப்பந்தமும் கையெழுத்தானது. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சார் தன்னையே முட்டாளாக வைத்து இந்தக் கதையைச் சொன்னார்: "பாத்தேன்னு அமுக்க வுடாதீங்க. செய்யறேன்னு எழுத வுடுங்க."

செவ்வாய்க்கிழமை மதியம் செல்வி அக்கா சாரின் மரணச் செய்தியை எல்லாக் கிளைக்கும் போட்டார். கீழே வரிசையாக வந்தது. "லோடு இறக்கிட்டு நாலு மணிக்கு வரேன்." "மாலை நான் வாங்கிடறேன்." "வேன் எடுக்கறேன், பத்து பேரு ஏறலாம்." முதலாளி கும்பிடு படம் எதுவும் போடவில்லை. "நான் தோள் குடுக்கறேன்" என்று மட்டும் எழுதினார்.

சொன்னபடி வந்தார். முன்னால் வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். அவர் என் தோள் உயரம்தான். சுடுகாடு வரைக்கும் பாடை ஒரு பக்கம் சாய்ந்தே போனது. மாற்றிக்கொள்ள ஆள் வந்தும் அவர் விடவில்லை. நான் முழங்காலை மடக்கி மடக்கி நடந்தேன்.

மன்னிச்சிடுங்க சார், நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. ஆனால் வருகிறேன் என்று எழுதியவர்களில் ஒருவர்கூட வராமல் இல்லை.