தபசு மரமும் ஒரு எலுமிச்சம்பழமும்

சேவூருக்கு வந்து தனசேகரன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அர்ச்சுனன் வீடு என்று கேளுங்கள், டவுன் பஸ் கண்டக்டர்கூடக் கை காட்டுவார். ஆள் பட்டு நெசவுக்காரர். வருஷத்தில் ஒரு நாள்தான் அர்ச்சுனன். எதிர்வீட்டுக்காரனான எனக்கு மற்ற நாளெல்லாம் அவர் தறிச் சத்தம்தான் அலாரம். அதற்காக அவரை நான் திட்டாத நாள் இல்லை.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது, வன பருவம் வரும் நாளில் தபசு மரம் நடுவோம். பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் சிவனை நோக்கித் தவம் செய்யப் போகும் கட்டம் அது. ஐம்பதடிப் பனைமரத்தில் படிக்கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு பலகை கட்டியிருக்கும். படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே அர்ச்சுனன் ஏற வேண்டும். கீழே, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழம் யார் மடியில் விழுகிறதோ, அவளுக்கு அடுத்த வருஷம் தொட்டில் என்பது நம்பிக்கை. இருபத்தாறு வருஷமாக தனசேகரன் அண்ணன்தான் ஏறுகிறார். வரம் பலித்துப் பிறந்த பிள்ளைக்கு அர்ச்சுனன் பேர்களில் ஒன்றைத்தான் வைப்பார்கள்; எங்கள் தெருவில் மட்டும் மூன்று விஜயன்கள். ஒருத்தனைக் கூப்பிட்டால் மூன்று வாசலிலிருந்தும் தலை நீளும்.

அவர் வீட்டில் மட்டும் தொட்டில் கட்டவில்லை.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவர் மனைவி பரிமளா அண்ணியும் அந்த வரிசையில் வந்து நின்றார். "அர்ச்சுனன வூட்லயே வெச்சிக்கினு இங்க வந்து வரிசையில நிக்கிறியே?" என்று எவளோ ஒருத்தி வாயைத் திறந்தாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், இன்றுவரை அதற்கு வெட்கப்படுகிறேன். அண்ணி அப்படியே திரும்பிப் போனவர்தான். அதற்கப்புறம் தபசு நாளென்றால் கதவைச் சாத்திக்கொண்டு ராட்டையில் நூல் சுற்றுவார். ஆனால் வரம் பலித்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அதன் வாயில் சர்க்கரை வைக்காமல் அனுப்பமாட்டார்.

இந்த வருஷம் அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று. தறி மிதித்து மிதித்து வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாடிப்படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆள் பார்ப்போம் என்றேன்.

"இந்த ஒரு தபா ஏறிடறேன்பா," என்றார். "ஊருக்கெல்லாம் வீசினேன், அவ மடியில ஒரு பழம் போடல. புள்ளைக்கு இல்லடா, அந்த வயசெல்லாம் போச்சு. அன்னிக்கி வெறும் மடியோட திரும்பிப் போனா பாரு, அதுக்கு."

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். "அந்தக் கால வெச்சிக்கினு அவரு மரம் ஏறுவாராம், நான் வந்து வேடிக்க பாக்கணுமா? போப்பா, பேஜார் பண்ணாத," என்று ராட்டையை வேகமாகச் சுழற்றினார்.

தபசு அன்று மாலை வெயிலில் அண்ணன் ஏற ஆரம்பித்தார். பாதி மரம் வரை பாட்டு கணீரென்று வந்தது. அப்புறம் ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கியது. உச்சிக்கு நாலு படி இருக்கும்போது பாட்டு நின்றுவிட்டது. வலது கால் மடங்க மறுக்க, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மிருதங்கக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தார்.

அப்போது கூட்டம் விலகியது. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, புடவை சொட்டச் சொட்ட, பரிமளா அண்ணி வந்து மரத்தடியில் மடியேந்தி நின்றார். நரைத்த முடியிலிருந்து நீர் வழிந்தது. அவரைவிட இருபது வயது இளைய பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டார். தோள்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அங்கிருந்தே கையை ஓங்கினார்.

"வீசாதீங்க!" அண்ணி கத்தினார். "கையோட எடுத்துக்கினு எறங்கி வாங்க!"

உச்சியைத் தொடாமல் அர்ச்சுனன் இறங்குவது எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் ஓங்கிய கையை இறக்கினார். பிறகு பையிலிருந்த மற்றப் பழங்களை ஒவ்வொன்றாக அந்தப் பெண்களுக்கு வீசினார். நாலு படி குறைந்ததே என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. கையிலிருந்த ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அண்ணி மடியை விரித்தபடியே நின்றார், ஆள் விழுந்தால் அதில் பிடித்துவிடலாம் என்பதுபோல.

தரைக்கு வந்த அண்ணன் பழத்தை எடுத்து அந்த மடியில் வைத்தார். ஜடாமுடி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. "இன்னா வேண்டிக்கினே?" என்று கேட்டார்.

அண்ணி ஈரத் தலைப்பால் அவர் முகத்து அரிதாரத்தைத் துடைத்தார்.

"வேண்டினது எறங்கி வந்துடுச்சி. நடங்க, கால்ல எண்ண தடவணும்."